கன்ட்றி இசையும் ஊர் வானொலியும் - ஒரு நோக்கு

கலை வடிவமொன்றை ஆராய்வோர் அதன் சொல்லையும் இசையையும் மட்டுமன்றி, அதனை மக்களிடம் கொண்டுசேர்க்கும் சாதனம் யார் கையில் உள்ளது என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் கன்ட்றி இசை இதற்குத் தக்க சான்றாகும். சொந்த ஊர், உழைப்பு, குடும்பம், பிரிவு என்பன அதன் முதன்மையான பாடுபொருள்கள். அதனை வளர்த்ததில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு.

அவ்வானொலி தொடக்கத்தில் வணிகக் கலப்பற்றிருந்தது என்று கொள்வது தவறு. 1925இல் நாஷ்வில் நகரில் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தை நிறுவியது ஒரு காப்புறுதிக் கம்பனியே. நிலையத்தின் பெயரும் அக்கம்பனியின் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகளால் அமைந்தது. எனவே, 'அன்று கலை, இன்று வணிகம்' என்னும் பாகுபாடு பொருந்தாது. உடைமையாளருக்கும் கேட்போருக்கும் இடைப்பட்ட தூரமே உண்மையான வேறுபாடு. சிறுநகர் நிலையமொன்றின் உள்ளூர் உரிமையாளரும் இலாபம் கருதியவரே. எனினும், அவர் அவ்வூர்க் கடைக்காரரிடம் விளம்பரம் பெற்று, அவ்வூராருக்கு முகங்கொடுத்து வாழவேண்டியவர்.

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இவ்வுறவைத் தளர்த்திற்று. நாடளாவிய ரீதியில் ஒரு நிறுவனம் 40 நிலையங்களையே வைத்திருக்கலாம் என்ற வரம்பு நீங்கியது. 2002 அளவில் கிளியர் சனல் நிறுவனம் 1200க்கு மேற்பட்ட நிலையங்களைத் தனதாக்கியிருந்தது. தொலைநகரில் முன்கூட்டியே பதிவான அறிவிப்பாளர் குரல் உள்ளூர்க் குரல்போல ஒலிக்கும் முறையும் பரவிற்று.

வட டகோட்டா மாநிலத்தின் மைனொற் நகரில் வர்த்தக வானொலி நிலையங்கள் ஆறும் இந்நிறுவனத்துக்கே உரியனவாயின. அவற்றுள் கன்ட்றி இசையும் செய்தியும் ஒலிபரப்பிய கே.சி.ஜே.பி. அவசர அறிவித்தலுக்கென நியமிக்கப்பட்டிருந்தது. 2002 ஜனவரி 18ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின்னர், நகருக்கருகே சரக்குப் புகையிரதம் தடம்புரண்டு அமோனியா நச்சுவாயு பரவிற்று. ஒருவர் உயிரிழந்தார், பலர் பாதிப்புற்றனர். பொலிஸார் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது பதில் கிடைக்கவில்லை. நிலையத்தில் ஊழியர் இருந்தாரென்றும், எச்சரிக்கைக் கருவியைப் பொலிஸாரே உரியவாறு பயன்படுத்தவில்லையென்றும் நிறுவனம் வாதிட்டது. அவ்வாதத்தை ஏற்பினும் கேள்வி எஞ்சுகிறது: ஓர் ஊரின் எல்லா வர்த்தக நிலையங்களும் ஓருடைமையான பின்னர், ஒன்று வாய்மூடின் வேறெங்கே செல்வது?

உடைமை மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. 2008இல் நிறுவனம் பெருங்கடன் மூலம் முதலீட்டாளரின் கைக்கு மாறிற்று. 2014இல் ஐஹார்ட்மீடியா எனப் பெயர் பூண்டது. 2018இல், 2000 கோடி டொலர் அளவிலான கடன்சுமையால் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிற்று. மைனொற் நகர மக்கள் கேட்கும் பாடல்கள் அக்கடனை அடைக்கவும் உழைக்க வேண்டியதாயிற்று.

ஊர்ப்பற்றைப் பாடும் இசைக்கு ஊரோடு பொறுப்பற்ற சாதனம் வாய்க்குமாயின், ஊர் என்பது வெறும் பாடுபொருளாகவே எஞ்சும். கன்ட்றி இசையை மதிப்பிடுவோர், பாடலில் ஊர் உண்டா என்பதோடு, நிலையத்தில் ஊரார் உண்டா என்பதையும் வினவுதல் அவசியமாகும்.