பெயர்த்து நட்ட வீடும் பெயராத தெருவும்: தட்சிணசித்ராவின் நெசவாளர் இல்லம்

1851இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள் தூபியினின்று பிரிந்த தனிக் கற்களாகவே நிற்கின்றன. 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவோ பழைய வீடுகளையே பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு அவற்றுள் ஒன்று. தறி வாழிடத்தின் உறுப்பு என்பதை அது உணர்த்துகிறது. கண்ணாடிப் பேழைக்குள் மடித்து வைத்த சேலை இதனை உணர்த்தாது.

எனினும் பட்டு நெசவு வீட்டுக்குள் முடிவதன்று. ஆரணியை அடுத்த சேவூர் போன்ற நெசவூர்களைக் கருதினால் இது விளங்கும். பல சேலைகளுக்கான பாவை நீட்டி, அறுந்த இழைகளை முடிந்து பதப்படுத்த வீட்டின் நீளம் போதாது. விடியற்காலைத் தெருவும் அண்டை வீட்டார் கைகளும் வேண்டும். மழை பெய்தால் அவ்வேலை நின்றுவிடும். தறியில் அமர்பவர் ஒருவரேயாயினும் தறிக்கு முந்தைய உழைப்பு பலருடையது. பட்டும் சரிகையும் தந்து சேலையைப் பெற்றுக்கொள்ளும் முதலாளிக்கும் நெசவாளருக்குமான கூலி உறவும் சுவர்களிலோ தூண்களிலோ தெரியக்கூடியதன்று.

வீட்டை மட்டும் காண்போர்க்கு நெசவு தனியொருவரின் கைத்திறனாகச் சுருங்கிவிடுகிறது. 'மரபு' என்னும் சொல் இச்சுருக்கத்தை எளிதில் மறைத்தும்விடுகிறது. தெருவின் தோற்றத்தை அமைப்பது எளிது, அதில் நிகழ்ந்த வேலையை அமைப்பது அரிது. முன்றிலில் ஒரு பாவையேனும் முழு நீளத்திற்கு நீட்டிக் காட்டினால், தறிக்கு முந்தைய உழைப்பின் அளவு பார்வையாளர்க்குப் புலப்படும்.