கழிக்கப்பட்ட பத்து சதவீதம்

அரசுக் குறிப்புகளையும் இலக்கியம்போல வரிவரியாக வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. அரிட்டாபட்டி விவகாரத்தில் அப்படி இரண்டு பிரதிகள் நம் முன்னே கிடக்கின்றன. முதலாவது, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தது. இரண்டாவது, அதே நிலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போய், ஊர்கள் கொதித்தெழுந்த பிறகு, டிசம்பரில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் கொடுத்த விளக்கம்.

முதல் பிரதி எண்ணிக்கையில் மகிழ்கிறது. ஏழு குன்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள், இந்தக் குன்றுகளின் நீர்ப்பிடிப்பை நம்பியிருக்கும் 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள். இரண்டாம் பிரதி கழித்தலில் மகிழ்கிறது. தொகுதியின் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர், பல்லுயிர்த் தலம் அதில் சுமார் 2, அதாவது பத்து சதவீதம். அதை விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வு மையம் பார்க்கட்டும். பெருந்தன்மையான கணக்குதான். ஆனால் அது நிலத்தின் கணக்கு, நீருடையது அல்ல.

பாறைக் குன்றில் விழும் மழை சுனையில் தங்கி, ஓடையாக வழிந்து, ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. போகிற வழியெல்லாம் பாறை வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. கடினப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் என்பது இந்த வெடிப்புகளில் நிற்கும் நீர்தான். எந்த வெடிப்பு எந்தக் கிணற்றோடு சேர்கிறது என்பதை வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. நீர்மட்டத்துக்குக் கீழே குழி தோண்டினால் ஊறி வருவதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுக் கிணறுகளின் மட்டம் குழியை நோக்கிச் சரியும். நெய்வேலியில் மண்ணும் ஊற்றும் வேறு வகை, ஆனாலும் அங்கே இரவும் பகலும் ஓடும் பம்புகளை நாம் அறிவோம்.

சுரங்கத் திட்ட அறிக்கைகளில் நீரைப் பாதுகாப்பதற்கென்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். குழியைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுவோம், வண்டல் தொட்டி கட்டுவோம், கிணறுகளை அளப்போம். வாசிக்க ஆறுதலாக இருக்கும். ஆனால் திருப்பிவிடப்படும் அந்த நீர் இதுவரை எந்த மடைக்குப் போய்க்கொண்டிருந்தது? நீர் அழுக்காகாமல் காப்பதும், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதும் ஒன்றல்ல. முதலாவதை அளக்கக் கருவி இருக்கிறது. இரண்டாவது, பெரும்பாலும் பெண்களின் கால்களுக்குத் தெரிந்த விஷயம்.

இங்கேதான் முதல் பிரதியோடும் எனக்குச் சண்டை. அது '72 ஏரிகள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மதுரைப் பக்கத்தில் கண்மாய் வேறு, ஊருணி வேறு. கண்மாய் வயலுக்கு, ஊருணி குடிக்க, அதில் கால் நனைக்கக் கூடாது. எதில் துவைக்கலாம், மாட்டை எங்கே இறக்கலாம், கோடையில் எது கடைசியாக வற்றும் என்பதெல்லாம் குடம் சுமக்கிறவளின் அன்றாடக் கணக்கு. எந்தத் தெருப் பெண் எந்தப் படியில் இறங்கக் கூடாது என்ற சாதிக் கணக்கும் பல ஊர்களில் அதோடு சேர்ந்ததுதான். ஊருணியைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். கண்மாய் பாதி நிரம்பிய ஆண்டில் நாற்று நடும் பெண்ணுக்குக் கூலி நாள்கள் குறையும். அவளுக்குப் பட்டா இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துவோரில் பெண்கள் சுமார் 14 சதவீதம் மட்டுமே. இழப்பீடு பட்டாவைத் தேடி வரும், நீரை நம்பிப் பிழைத்தவளைத் தேடி வராது.

போராட்ட மேடைகளையும் இதிலிருந்து விலக்க எனக்கு மனமில்லை. 2025 ஜனவரி 7 அன்று மதுரையை நோக்கி நடந்த கூட்டத்தில் பெண்கள் திரளாக இருந்தார்கள். சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை என்று பேச நம்மிடம் பெருமைகள் நிறைய. பெண் என்று வந்தாலோ மண் தாயாகவும் நீர் தெய்வமாகவும் ஆகிவிடுகிறது. தாயாக்கிவிட்டால் அவளிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை, கும்பிட்டால் போதும். குடிநீருக்கு எத்தனை நடை நடக்கிறாய் என்று கேட்பது கும்பிடுவதைவிடக் கடினமான வேலை.

ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. பெரிய வெற்றி, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பல்லுயிர்த் தலமும் பண்பாட்டுச் சின்னங்களும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆனால் டிசம்பரில் போட்ட அந்தக் கழித்தல் கணக்கு தவறு என்று எங்கும் எழுதப்படவில்லை. ராஜாளியும் கல்வெட்டும் இல்லாத, கழிப்பதற்குப் பத்து சதவீதம்கூட இல்லாத ஏதோ ஓர் ஊர் அடுத்த ஏலப் பட்டியலில் வரும். அங்கே ஒரு ஊருணி மட்டும் இருக்கும்.