சின்னம் என்னும் பிரதி

‘சின்னத்தைப் பார்த்துக் குத்துற சனம்’ என்பது நம்மவர் மத்தியில் ஒரு வசை. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் டிராப்’ (1992) வந்தபின் இந்த எரிச்சலுக்கு ஓர் ஆய்வுத் தகுதியும் கிடைத்துவிட்டது. பாண்டியன் நாட்டார் கதைப்பாடல் மரபையெல்லாம் கவனமாகத்தான் பார்க்கிறார். படித்தவர்கள் எடுத்துக்கொண்டது என்னவோ பொறியை மட்டும்தான்.

அமெரிக்காவில் இதையே கணக்கெடுத்துச் சொன்னார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வரின் ‘தி அமெரிக்கன் வோட்டர்’ (1960), கட்சிப் பற்று பெற்றோரிடமிருந்து மதம் மாதிரி வந்து ஒட்டிக்கொள்கிறது, பிரச்சினைகளை வாக்காளர் அதன் வழியாகவே பார்க்கிறார் என்றது. அங்கேயும் இதுதான் கதை என்றால் கீழ்பென்னாத்தூர்க் கிழவியை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

கேள்வி வேறு. பற்று எதன்மீது? 1989 ஜனவரியில் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சேவலுக்கு 27 இடங்கள். ஜானகி ஆண்டிப்பட்டியிலேயே தோற்றார். அணிகள் இணைந்து இலை திரும்பியதும் அதே மார்ச்சில் மதுரை கிழக்கு, மருங்காபுரி இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. வென்றது. இலைதான் வென்றது என்பார்கள். அப்படியானால் 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் அதே இலையை தினகரனின் குக்கர் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தது எப்படி? பணம் என்று முடித்துவிடலாம். பணம் எல்லாப் பக்கமும் பேசப்பட்டது. குறிப்பான் தானாக எதையும் குறிப்பதில்லை. யார் வாரிசு என்பதைச் சனம் ஒவ்வொரு முறையும் வாசித்தே முடிவு செய்கிறது. சேவலைத் தேர்ந்ததும் வாசிப்புதான்.

இந்த வாசிப்பைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் எரிந்தது தி.மு.க. ஆட்சியில். 1971இல் அக்கட்சிக்கு 184 இடங்கள். சமத்துவம் பேசிய தொண்டன் அந்த நெருப்பை எந்தப் பக்கத்தில் வைத்து வாசித்தான்? பற்று விழுமியத்தைத் தின்னும் இடம் இது. நிறமோ சாதியோ குறுக்கே வந்தால் பற்றே உடைவதும் உண்டு. 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப்பின் அமெரிக்கத் தெற்கின் வெள்ளையர், தலைமுறைகளாக இருந்த டெமாக்ரடிக் கட்சியை விட்டு நகர்ந்தார்கள்.

கீழ்பென்னாத்தூர் 2008 மறுசீரமைப்பில் வந்த தொகுதி. 2011இல் இலை, 2016இலும் 2021இலும் உதயசூரியன். 2021இல் இங்கே இலையே இல்லை. கூட்டணியில் தொகுதி பா.ம.க.வுக்குப் போயிற்று. ‘இந்த வாட்டி மாம்பழத்தையே எலைன்னு நெனைச்சிக்கோங்க’ என்று கட்சிக்காரர்கள் வீடு வீடாகச் சொன்னார்கள். ஊர்த்தெருவில் அது ஒரு சின்ன மாற்றம். காலனியில், எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இலைக்கே குத்தி வந்தவர்களிடம் அதே வாக்கியம் போனபோது அது வேறு பிரதி. ‘எப்படிப்பா நெனைச்சிக்கிறது?’ என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். எதில் குத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை.