யூக்ளிட் எங்கே துணை, எங்கே தடை?

யூக்ளிடின் வடிவியலைக் கணிதமும் இயற்பியலும் மூன்று விதமாகப் பயன்படுத்துகின்றன. ஒன்று, நிறுவும் முறையாக. இன்னொன்று, நாம் வாழும் வெளியின் விவரிப்பாக. மூன்றாவது, படமே வரைய முடியாத பொருள்களுக்கும் தூரத்தையும் கோணத்தையும் வகுத்துத் தரும் அளவுகோலாக. மூன்றும் ஒரே பெயரில் வழங்குவதால், ஒன்றில் கிடைத்த வெற்றியை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அவற்றைப் பிரித்து எடை போட்டால்தான் இந்த வடிவியலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும்.

நிறுவும் முறையின் உச்சத்தை 1687-ல் வெளிவந்த நியூட்டனின் ‘பிரின்சிபியா’வில் காணலாம். சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கிறது என்பதைக் கெப்ளர் வான்நோக்குத் தரவுகளிலிருந்து கண்டறிந்தார். அதற்குக் காரணம் சொல்ல நியூட்டனுக்கு முக்கோணப் பரப்பு பற்றிய இரண்டு எளிய தேற்றங்களே போதுமாயின. விசை ஏதும் தாக்காத பொருள் நேர்கோட்டில் சம காலத்தில் சம தூரம் செல்லும். எனவே ஒரு மையத்திலிருந்து பார்த்தால் அடுத்தடுத்து உருவாகும் முக்கோணங்களின் அடிப்பக்கமும் உயரமும் சமம், பரப்பும் சமம். இப்போது அந்தப் பொருளுக்கு மையத்தை நோக்கி ஒரு சிறு உந்தல் தருவோம். முக்கோணத்தின் உச்சி, பொருளையும் மையத்தையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாக நகர்கிறது. ஒரே அடிப்பக்கத்தின் மீது, இரு இணைகோடுகளுக்கு இடையே அமைந்த முக்கோணங்களின் பரப்பு மாறாது என்பது யூக்ளிடின் தேற்றம். உந்தல்களுக்கு இடையிலான காலத்தைக் குறைத்துக்கொண்டே போனால் கெப்ளரின் விதி கிடைத்துவிடுகிறது. விசை தூரத்தோடு எப்படி மாறினாலும் கவலையில்லை, அது மையத்தை நோக்கியிருந்தால் போதும் என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடுகிறது. நுண்கணிதமும் இந்த விடையைத் தரும். ஆனால் காரணத்தை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டாது.

இந்த முறையின் குறை, ஒவ்வொரு கணக்குக்கும் புதிய படமும் புதிய துணைக்கோடும் தேவைப்படுவதுதான். பல கோள்கள் ஒன்றையொன்று இழுக்கும் சிக்கலில் அது விரைவிலேயே தடுமாறுகிறது. ஆய்லரும் லக்ராஞ்சும் அதனால்தான் சமன்பாடுகளின் பக்கம் போனார்கள். 1788-ல் வெளியான தம் இயக்கவியல் நூலில் படங்களே இல்லை என்று லக்ராஞ்சு முன்னுரையிலேயே அறிவித்தார். நியூட்டனின் குறியீட்டையும் வடிவியல் வழியையும் விடாமல் பற்றிக்கொண்டிருந்த பிரிட்டன் பின்தங்கியது. ஐரோப்பியப் பகுமுறைக் கணிதத்தைக் கொண்டுவருவதற்காகவே பாபேஜும் அவருடைய நண்பர்களும் 1812-ல் கேம்பிரிட்ஜில் ஒரு கழகம் தொடங்க வேண்டியதாயிற்று. கற்பனைக்கு வழி திறந்த முறையே, மரபாக இறுகியபோது வழியை அடைத்தது.

படத்தை நம்புவதில் தர்க்கச் சிக்கலும் உண்டு. யூக்ளிடின் முதல் தேற்றம், கொடுத்த கோட்டின் மேல் சமபக்க முக்கோணம் அமைப்பது. இரண்டு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அவை வெட்டிக்கொண்டே தீரும் என்பதற்கு அவருடைய எடுகோள்களில் ஆதாரம் இல்லை. கண் கண்டதை அறிவு கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டது. இத்தகைய விடுபடல்களை 1882-ல் பாஷும் 1899-ல் ஹில்பர்ட்டும் அடைத்தார்கள். அப்படிச் செப்பனிட்ட வடிவியலின் அடிப்படைப் பகுதியில், எந்தக் கூற்றைத் தந்தாலும் அது மெய்யா பொய்யா என்று தீர்மானிக்கும் வழிமுறை உண்டு என்பதைப் பின்னர் டார்ஸ்கி நிறுவினார். முழு எண்களின் கணிதத்துக்கு அப்படி ஒரு வழிமுறை இருக்கவே முடியாது. ஆகவே நிறுவும் முறையாக யூக்ளிடின் குறைகள் திருத்தக்கூடியவையாகவே இருந்தன.

வெளியின் விவரிப்பாக அதைக் கொள்ளும்போதுதான் தீர்ப்பு கடினமாகிறது. இங்கே நல்ல பயன்பாட்டுக்கு நில அளவை ஓர் எடுத்துக்காட்டு. 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடித்தளமிட்டார். பூமி உருண்டை என்பதால் அதன் மேல் வரையும் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகையைத் தாண்டும். ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை, அதாவது பாகையில் 3600-ல் ஒரு பங்கு, மிகையாக வரும். இந்த மிகையில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் கழித்துவிட்டு, தள முக்கோணம் போலவே பக்கங்களைக் கணக்கிடலாம் என்று லெஜாந்தர் 1787-ல் காட்டினார். தளம் இல்லை என்று தெரிந்தே தளமாகக் கொண்டு, விலகல் எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்த நேர்மை இது.

அந்த நேர்மை தவறிய வரலாறும் நீளமானது. இணைகோடு பற்றிய ஐந்தாம் எடுகோளை மறுத்தால் முரண்பாடு வரும் என்று காட்ட முயன்ற சாக்கேரி, 1733-ல் புதிய வடிவியலின் பல தேற்றங்களைத் தாமே நிறுவிவிட்டு, நேர்கோட்டின் இயல்புக்கு ஒவ்வாதவை என்று அவற்றைத் தள்ளிவிட்டார். யூக்ளிட் வடிவியல் அனுபவத்துக்கு முன்பே மனித அறிவில் அமைந்தது என்று காண்ட் தத்துவமே வகுத்தார். லோபசெவ்ஸ்கி 1829-லும் போல்யாய் 1832-லும் வேறொரு வடிவியலை வெளியிட்ட பிறகும் அதை ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை. 1868-ல் பெல்ட்ராமி யூக்ளிட் வடிவியலைக் கொண்டே அந்தப் புதிய வடிவியலுக்கு ஒரு மாதிரி அமைத்துக் காட்டினார். பழையதில் முரண்பாடு இல்லையென்றால் புதியதிலும் இல்லை என்று ஆயிற்று. போட்டியாளருக்கே பிணை நின்றது யூக்ளிடின் வடிவியல்.

வெளி யூக்ளிட் விதிப்படியே இருக்கும் என்று கேள்வியின்றி ஏற்கும் பழக்கத்தின் விலையை எண்ணாகவே காட்ட முடியும். சூரியனை உரசிச் செல்லும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்று 1911-ல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டார்; விடை 0.83 விகலை. ஈர்ப்பில் கடிகாரம் மெதுவாகும் என்பதை அவர் கணக்கில் சேர்த்திருந்தார். ஆனால் சூரியனைச் சுற்றியுள்ள வெளி யூக்ளிட் விதிப்படியே இருப்பதாகக் கொண்டார். 1915-ல் பொதுச் சார்பியல் உருப்பெற்றபோது வெளியின் வளைவும் சேர்ந்தது. ஒளியின் வளைவு ஏறத்தாழ இரட்டித்து 1.75 விகலையை எட்டியது. 1919-ல் பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சொப்ராலிலும் சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்கள் புதிய மதிப்பையே ஆதரித்தன. விட்டுப்போன பாதி, யூக்ளிடைக் கேள்வி கேட்காததன் விளைவு.

எனினும் ஐன்ஸ்டைன் கையாண்ட கருவியின் கருவிலும் யூக்ளிட் இருக்கிறார். 1854-ல் ரீமான் வகுத்த வளைந்த வெளியில், ஒவ்வொரு புள்ளிக்கு மிக அருகிலும் பிதாகரஸ் தேற்றம் பொருந்தும். புள்ளியை விட்டு விலக விலகத்தான் வளைவு தெரியும். பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளும் அவற்றோடு சேர்த்த பிற வான்நோக்குத் தரவுகளுமோ, அண்டத்தை ஒட்டுமொத்தமாக எடுத்தால் வெளி தட்டையாகவே இருக்கிறது என்று காட்டுகின்றன. ஐயத்துக்கு இடம் ஆயிரத்தில் சில பங்குதான். காண்ட் உறுதியென்று கருதிய முன்முடிவு, இன்று அளந்து பெற்ற முடிவாகத் திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அறிவியலின் சாரம்.

மூன்றாவது பயன்பாடு இன்று எங்கும் பரவியிருக்கிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு பிழைகளின் திட்டவிலக்கம் 3, 4 என்றால், அவற்றின் கூட்டுப் பிழை 7 அல்ல, 5. செங்கோண முக்கோணத்தின் கர்ணம்தான் அது. சிதறிய தரவுக்குப் பொருத்தமான கோடு காணும் மீச்சிறு வர்க்க முறை, ஒரு புள்ளியிலிருந்து தளத்துக்குச் செங்குத்து இறக்குவதுதான். குவாண்டம் இயக்கவியலில் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்றாவதும், முடிவிலாப் பரிமாணமுள்ள ஹில்பர்ட் வெளியில் பிதாகரஸ் தேற்றமே. படத்தில் அடங்காத இடத்திலும் படம் தந்த உள்ளுணர்வு வழிகாட்டுவது இதன் பெரும் பலம்.

அந்த உள்ளுணர்வே ஏமாற்றவும் செய்யும். சதுரத்துக்குள் வரைந்த வட்டம் அதன் பரப்பில் 78.5 சதவீதத்தை நிரப்பும். கனசதுரத்துக்குள் கோளம் 52.4 சதவீதம், பத்துப் பரிமாணத்தில் வெறும் 0.25 சதவீதம். பரிமாணம் கூடக்கூட, ஒன்றையொன்று சாராமல் சிதறிய புள்ளிகளுக்கு இடையிலான தூரங்கள் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். ‘அருகில்’ என்பதற்கே பொருள் தேய்கிறது. இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. வயதை ஆண்டிலும் வருமானத்தை ரூபாயிலும் எடுத்து, வர்க்கங்களைக் கூட்டி, இரண்டு மனிதர்களுக்கு இடையே ‘தூரம்’ சொல்கிறோம். ரூபாயைப் பைசாவாக்கினால் யார் யாருக்கு அருகில் என்பதே மாறிப்போகும். நிலத்தில் செங்கோணத்துக்கும் ஒரே அலகுக்கும் இயற்கையில் ஆதாரம் உண்டு. இங்கே அவற்றை நாமே வைத்துவிட்டு, கண்டுபிடித்தது போல் பேசுகிறோம்.

எனவே யூக்ளிட் வடிவியலைக் கையாளுவோர் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். இங்கே தூரத்துக்கும் செங்கோணத்துக்கும் பொருள் தருவது எது? உண்மை அதிலிருந்து விலகினால், விலகல் எவ்வளவு? லெஜாந்தரிடம் இரண்டுக்கும் விடை இருந்தது. தரவுகளை யோசிக்காமல் தூரமாக்கும் இன்றைய நிரல்கள் பலவற்றில் முதல் கேள்விக்கே விடை இல்லை. பள்ளியிலேயே இந்தக் கேள்விகளை அறிமுகப்படுத்த வேண்டும். முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகை என்று நிறுவும் மாணவர், அதே வகுப்பில் ஒரு பந்தின் மேல் மூன்று செங்கோணங்கள் கொண்ட முக்கோணத்தையும் வரைந்து பார்க்கட்டும். தேற்றம் எந்த எடுகோளில் நிற்கிறது என்று அறிந்தவரே அதை எங்கே துணிந்து பயன்படுத்தலாம் என்பதையும் அறிவார்.