ரத்து என்னும் சொல்

அறபு மொழியில் ‘ரத்து’ என்பதற்குத் திருப்புதல், மறுமொழி கூறல் என்பனவும் பொருளாம். மத்ரஸாவில் ஓதியோர் இதனை ஒரு நூல்வகையின் பெயராகவும் அறிவர். ஒருவர் எழுதியதில் பிழை கண்ட ஆலிம் அதற்கு ‘ரத்து’, அதாவது மறுப்பு நூல், வரைவார். அதே சொல் உருது வழியே தமிழுக்கு வந்து, அலுவலகங்களில் புழங்கி, உரிமத்தை ‘ரத்துச் செய்தல்’ என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் நம் சிந்தையிலும் நேர்ந்துவிட்டதோ என்பதே என் கவலை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை மறுத்துத் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ இயற்றினார்கள். பின்னர் 12ஆம் நூற்றாண்டில் இப்னு ருஷ்து அதற்கு மறுப்பெழுதியபோது, இமாமின் வாசகங்களைப் பெரிதும் அப்படியே எடுத்துவைத்து, அவற்றின் கீழ்த் தம் விடையைத் தந்தார். எதிர்வாதத்தைக் காத்துக்கொண்டே வாதிட்ட பண்பு அது.

தமிழகத்தில் நிகழ்ந்தவற்றை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. இட ஒதுக்கீட்டைச் சாடிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. ஆர்ப்பாட்டத்துக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது, அமைதி காப்பது அரசின் கடன் என்றது.

2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை நம் அமைப்புகள் எதிர்த்தன. தணிக்கைச் சான்றிதழ் இருந்தும் மாவட்ட ஆட்சியர்களின் தடையாணைகளால் அது தமிழகத்தில் முடங்கியது. ஏழு இடங்களில் திருத்தம் செய்யத் தயாரிப்பாளர் இசைந்த பின்னரே பிப்ரவரி 7ஆம் நாள் வெளியாயிற்று. நம் மனம் புண்பட்டது மெய். முஸ்லிமைத் திரையில் ஓயாது வன்முறையாளனாகக் காட்டும் வழக்கம் கண்டிக்கத்தக்கதே. ஆயினும், அப்படத்தின் காட்சிகளைப் பகுத்தாய்ந்து, பிழை இன்னதென நிறுவும் மறுப்பு நம்மிடமிருந்து எத்துணை வந்தது? தடையாணை கிடைத்ததும் பேனாவை மூடிவிட்டோம்.

2022 ஜனவரி 31இல் கேரளத்தின் ‘மீடியா ஒன்’ தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. பாதுகாப்பைக் காரணங்காட்டி உரிமத்தைப் புதுப்பிக்க மத்திய அரசு மறுத்தது. விவரமோ முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் தரப்பட்டது. 2023 ஏப்ரல் 5இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. நாம் மகிழ்ந்தோம். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புரைக்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் பணித்தது நினைவுக்கு வந்தது. அந்த அளவுகோல் 2013க்கும் உரியதன்றோ?

இன்று எழுதுவோர்க்கு அச்சகத்தின் இடத்தில் கணினி மென்பொருள் உள்ளது. அதற்கும் உரிமம் உண்டு. உள்ளடக்கம் ஒவ்வாவிடின் அதனை விலக்கிக்கொள்வோம் என நிறுவனங்கள் பல தம் நிபந்தனைகளில் எழுதி வைத்துள்ளன. கருத்தோடு வாதிடாமல் கருவியைப் பறிக்கும் வழி இது. எங்கள் நெருப்பெரிச்சலின் பனியன் கம்பெனிகளில், செக்கிங் செய்யும் பெண்கள் பழுது கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிச் சுட்டுவர். அதற்காகத் தையல் இயந்திரத்தைப் பூட்டிவிடார்.

அவதூறுக்கும் கொலைத் தூண்டலுக்கும் வெளிப்படையான வழக்கும் விசாரணையும் உள்ளன. மற்றபடி, நம்மை இழித்துரைப்போர்க்கு நாம் அளிக்கவேண்டியது ‘ரத்து’தான், ஆனால் நம் ஆலிம்கள் அச்சொல்லுக்குக் கண்ட பொருளில்.