வழக்குரையும் குளிர்த்தியும்: மகளிர்மீதான வன்முறைக்கு எதிரான பரப்புரை பற்றிய ஒரு திறனாய்வு

ஈழத்தின் கீழைக்கரைக் கண்ணகி கோவில்களில் வைகாசித் திங்களில் நிகழும் சடங்குகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் திருக்கதவம் திறக்கப்படும். பின்னர்க் கண்ணகி வழக்குரை பாடப்படும். நிறைவில் குளிர்த்தி நிகழும். வெகுண்ட அன்னையின் வெம்மையை ஆற்றி, ஊருக்கு மழையும் நலமும் வேண்டும் சடங்கே குளிர்த்தி. இவ்வொழுங்கினுள் ஒரு நீதி அடங்கிக் கிடக்கின்றது. அவளுடைய வழக்கு முழுவதையும் ஊர் செவிகொடுத்துக் கேட்ட பின்னரே அவளைக் குளிரும்படி வேண்டும் உரிமை ஊருக்கு உண்டாகின்றது. கேளாமலே குளிர்விக்க முயல்வது வழிபாடன்று; வாயடைப்பேயாம்.

மகளிர்மீதான வன்முறையை ஒழிக்கும் நோக்குடன் இக்காலத்தே எழுதப்பெறும் சுவரொட்டி, துண்டுப்பிரசுரம், வானொலி உரை, வீதி நாடகம் ஆகியவற்றை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது. திறனாய்வு என்பது காவியத்துக்கும் கவிதைக்கும் மட்டுமே உரியது என்று கருதுவோர் உளர். மக்களின் நெஞ்சை நோக்கிச் சொல்லப்படும் சொல் யாதாயினும் அது திறனாய்வுக்கு உரியதே. பிழைபட்ட செய்யுளால் கெடுவது பெரும்பாலும் புலவனின் புகழ். பிழைபட்ட அறிவிப்பால் கெடுவதோ ஒரு பெண்ணின் உயிராகவும் இருக்கலாம்.

ஆண்டுதோறும் நவம்பர் 25ஆம் நாள் முதல் டிசம்பர் 10ஆம் நாள் வரை பதினாறு நாள் இப்பரப்புரை உலகெங்கும் நிகழ்கின்றது. 1960ஆம் ஆண்டு அந்நாளில் தொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி துருகியோவின் ஆட்களால் மிராபல் சகோதரியர் மூவர் கொலையுண்டனர். அவர்கள் நினைவு தாங்கிய அந்நாளை 1999இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. பதினாறு நாள் இயக்கமோ 1991இலேயே தோன்றிவிட்டது. உலகில் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவர் தம் வாழ்நாளில் உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. இலங்கையில் 2019ஆம் ஆண்டுக்குரிய பெண்கள் நலன் பற்றிய அளவீடு, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் அத்துணைவராலேயே இத்தகைய கொடுமைக்கு ஆளானதைக் காட்டிற்று. வீடு என்பது காவல் என்று நம்பிய பண்பாட்டுக்கு இவ்வெண் நாணத்தைத் தருவதாகும்.

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் இவ்வகைப் பரப்புரைக்கு அரியதொரு தேர்வுக்களம். கோணேசர் கோவில்கொண்ட மலையின் அடிவாரத்திலும், குடாக்கடலின் மறுகரையிலுள்ள கிண்ணியாவிலும் மூதூரிலும், வயல் சூழ்ந்த தம்பலகாமத்திலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் தத்தம் வழக்காறுகளோடு வாழ்கின்றனர். ஓர் இனத்தாரின் உருவகம் மற்றோரினத்தார்க்கு அன்னியமாகலாம். இன்னொரு செய்தியும் எண்ணத்தக்கது. நவம்பர் மாதக் கடைசியில் இக்கரையில் வாடைக்காற்றும் மழையும் மிகும். கடற்றொழில் தளர, ஆடவர் பலர் கரையில் இருப்பர். ஆடவரோடு பேசுவதற்கு இதனினும் வாய்ப்பான காலம் இல்லை. ஆயினும் அப்பதினாறு நாளில் எழுதப்பெறும் வாசகங்களிற் பெரும்பாலன பெண்ணையே விளித்துப் பேசுகின்றன. “பெண்ணே, விழித்தெழு” என்ற போக்கில் அமைந்த அழைப்புக்குக் குறைவில்லை. அடிக்கும் கையை நோக்கியோ, அதனைக் கண்டும் காணாதிருக்கும் அயலாரை நோக்கியோ எழுதப்பெறுவன சிலவே.

இக்குறை இன்று புதிதாக முளைத்ததன்று. மற்றொரு துறைமுக நகரமாகிய புகாரில் நிகழ்ந்ததாக மணிமேகலை கூறும் மருதியின் கதையை நோக்குக. காவிரியில் நீராடித் தனியே திரும்பிய அந்தணப் பெண் மருதியை, ககந்தன் என்னும் மன்னனின் மகன் தகாத எண்ணத்துடன் அணுகினான். அவள் தன் கற்புக்கு ஊறு நேர்ந்ததோ என்று கலங்கிச் சதுக்கப் பூதத்திடம் முறையிட்டாள். நாற்சந்தியில் நின்று தவறு செய்தாரை ஊரறியத் தண்டிப்பது அப்பூதத்தின் தொழில். மன்னனும் தன் மகனென்று பாராது அவனை வாளுக்கு இரையாக்கினான். நீதி வழங்கப்பட்டது உண்மையே. ஆனால் அதே பூதம் மருதியிடமும் ஒரு குற்றம் கண்டது. கணவனையே தெய்வமெனக் கொள்ளாது, பிறர் சொல்லும் கதைகளைக் கேட்டும் விழாக்களில் ஈடுபட்டும் இருந்தமையே அவள் குறை என்று அது உரைத்தது. குற்றவாளிக்கு வாளும், முறையிட வந்தவளுக்குக் கண்டனமும் ஒரே கதையில் இடம்பெறுகின்றன. “அந்நேரத்தில் அவள் அங்கே ஏன் சென்றாள்?” என்று இன்று பேருந்திலும் திண்ணையிலும் எழும் வினா, அப்பூதத்தின் குரலின் எதிரொலியே. காவியத்தின் பெருமையை இக்கூற்று குறைப்பதாகாது. பழைய நூலைப் போற்றுதல் வேறு. அதன் ஒவ்வொரு முடிவையும் இன்றைய வாழ்வுக்கு விதியாக்குதல் வேறு.

கண்ணகியைப் பரப்புரைக்குச் சின்னமாக்குவோரும் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். மதுரையில் அரசனை எதிர்த்து வழக்குரைத்தவள், புகாரில் தன் துயரைப் பற்றி ஏதும் முறையிட்டிலள். தேவந்தி காட்டிய பரிகாரத்தையும் அது தனக்குப் பெருமையன்று என மறுத்தாள். அவள் தொடுத்த வழக்கு கணவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி பற்றியது. தனக்கு இழைக்கப்பட்டது பற்றியதன்று. எனவே “கண்ணகிபோல் இரு” என்னும் அறிவுரை இருதலைக் கொள்ளியாகும். அதனைக் கேட்கும் பெண் சிலம்பேந்திய கண்ணகியை நினைப்பாளோ, பொறுத்திருந்த கண்ணகியை நினைப்பாளோ, யார் அறிவார்? சமூகம் காலங்காலமாக அவளுக்குக் கற்பித்தது பின்னையதையே. சின்னமாகக் கொள்ளத்தக்கது கண்ணகியின் பொறுமையன்று. அவள் கையாண்ட முறையே. சான்றைக் கையிலேந்தி, அதிகாரத்தின் வாயிலில் நின்று, அனைவரும் கேட்க வழக்கைச் சொல்லும் முறை அது.

இவ்வகையில் பாரதியாரின் பாஞ்சாலி சபதம் மேலும் ஒரு படி செல்கின்றது. முதற்பகுதி 1912இலும், முழு நூல் அவர் மறைவுக்குப் பின் 1924இலும் வெளிவந்த அக்காவியத்தில், துச்சாதனனின் கொடுமையோடு நில்லாமல் அதனைக் கண்டு நின்றாரையும் கவிஞர் விசாரணைக்கு உட்படுத்துகின்றார். வீதியில் நின்று வெறுமனே புலம்பிய ஊராரை அவர் கடிந்துரைக்கின்றார். அவையிலோ, நடப்பது அநீதி என உணர்ந்தும், நூல் இடங்கொடுக்கின்றது என்று கூறி வீட்டுமன் அமைகின்றான். எதிர்த்துப் பேசத் துணிந்த விகர்ணன் இளையவன். ஆக, கொடியவன் ஒருவன். அவனைக் கொடியவனாக இருக்க விட்டவரோ பலர். இவ்வுண்மையை உணர்ந்த பரப்புரை, பாஞ்சாலியை நோக்கி மட்டும் பேசாது. அவையை நோக்கிப் பேசும். பேருந்திலும் புகைவண்டியிலும் செல்லும் இலங்கைப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. பேருந்து ஒவ்வொன்றும் ஓர் அவையே. அதன் நடத்துநரும் பயணிகளும் வீட்டுமனாவதா விகர்ணனாவதா என்பதே அங்கு ஒட்டப்படும் வாசகம் எழுப்பவேண்டிய வினா.

இனி மொழிநடையை நோக்குவோம். இத்துறையின் தமிழ் பெரிதும் மொழிபெயர்ப்புத் தமிழ். “பெண்கள் வன்முறைக்கு உட்படுத்தப்படுகின்றனர்” என்னும் செயப்பாட்டுவினை வாக்கியம் எங்கும் பயில்கின்றது. செய்வினையில் எழுவாயாக நிற்கவேண்டியவன் செயப்பாட்டுவினையில் எளிதாக மறைந்துவிடுகின்றான். இலக்கணத்தில் மறைந்தவன் ஊரிலும் மறைகின்றான். “கணவன் மனைவியை அடிக்கின்றான்” என்று எழுதுங்கால், அடிப்பவன் கண்முன் நிற்கின்றான். அவனை நிறுத்தவேண்டும் என்ற எண்ணமும் உடன் எழுகின்றது. “குடும்பப் பிணக்கு” என்னும் சொல்லும் இத்தகையதே. பிணக்கு இருவர்க்குப் பொது. அடியோ ஒருவர் கொடுக்க மற்றவர் பெறுவது. பெயரிடுதலிலேயே நடுநிலை என்ற போர்வையில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகின்றது. ஓவியத்திலும் இதே குறை உண்டு. மூலையில் ஒடுங்கி முகம் மறைத்து அழும் பெண்ணே பதாகைகளில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றாள். இரக்கம் பிறக்கலாம், ஆனால் அப்படத்தில் தன்னைக் காண எந்தப் பெண் விரும்புவாள்?

நல்ல முன்மாதிரிகளும் உள. இலங்கை அரச வைத்தியசாலைகளில் இத்துயருற்றோர்க்கென அமைந்த நிலையங்களுக்கு ‘நட்பு நிலையம்’ எனப் பெயரிட்டவர் சொல்லின் தொழிலை அறிந்தவர். அவ்வாயிலில் நுழையும் பெண்ணைக் கண்டு எவரும் ஏளனம் செய்ய அப்பெயர் இடந்தராது. அவளைத் தன் துயரின் பெயரைச் சுமந்து வரும்படி அது கேட்பதுமில்லை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட பெண் கவிஞர்களின் தொகுப்புக்குச் ‘சொல்லாத சேதிகள்’ என்பது பெயர். சேதி உண்டு, சொல்லப்படவில்லை என்னும் இரண்டையும் அத்தலைப்பே உணர்த்துகின்றது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பாடலையும் நாடகத்தையும் கருவியாகக் கொண்டு இயங்கியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. பிறர் எழுதித் தந்த வாசகத்தை ஒப்புவிப்பதற்கும், தன் வாயால் தன் வழக்கைப் பாடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதே வழக்குரை.

“சொற்களால் என்ன பயன்? அடைக்கலம் வேண்டும், நீதிமன்றம் வேண்டும்” என்று கூறுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயின் இருக்கின்ற காப்பையும் அறியாதிருப்பவர்க்கு அது இல்லாததற்கு ஒப்பாகும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பில் பொலிஸ் அலுவலர் ஒருவரும் கோரலாம். இடர் உடனடியாயின் இடைக்காலக் கட்டளை வழங்கவும், பதினான்கு நாளுக்குள் விசாரணைக்கு நாள் குறிக்கவும் அச்சட்டம் வகை செய்தது. கட்டளை பன்னிரண்டு மாதம் வரை நீடிக்கலாம் எனவும், அதனை மீறுவது தண்டனைக்குரியது எனவும் வகுத்தது. 1938 என்னும் இலக்கத்தில் மகளிர்க்கான உதவித் தொலைபேசிச் சேவையும் அமைந்தது. இச்செய்திகளை மூதூர் மீனவப் பெண்ணுக்கும் தம்பலகாமத்து வயற்பெண்ணுக்கும் புரியும் தமிழில் உரைப்பது, ஆயிரம் முழக்கங்களினும் மேலானது. சட்டம் வாய்திறவாத இடங்களையும் சுட்டுவது நேர்மையாகும். 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பெற்ற காலை, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட மனைவியை மட்டுமே கணவனின் பாலியல் வன்முறையினின்றும் அத்திருத்தம் காத்தது. உடன் வாழும் மனைவியின் வழக்கு அங்கே சொல்லாத சேதியாகவே நின்றது.

இத்தகைய பரப்புரை குடும்பங்களைக் குலைக்கும் என்பது மற்றொரு தடை. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் தீய எண்ணமுடையவரல்லர். இல்லறத்தின் உயர்வில் பற்றுடையவர். அவர்க்கு விடை கூறவேண்டுமாயின், குடும்பத்தைக் குலைப்பது அடியா, அடி பற்றிய சொல்லா என்றே வினவுதல் வேண்டும். சிவனை உமையொரு பாகனாக வழிபடும் சைவர்க்கு இதில் ஐயம் எழுதற்கு இடமில்லை. ஒரு பாகம் மற்றப் பாகத்தை வருத்துமாயின் அங்கே வடிவமே இல்லை. இணக்கம் வேண்டாம் என்பார் எவருமிலர். ஆனால் ஊர்ப் பெரியோர் இருவரையும் அழைத்து, அவள் வாய்திறக்கு முன்னரே “பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் மகளே” என்று அனுப்பிவைக்கும் இணக்கம், வழக்குரை பாடாது செய்யப்பட்ட குளிர்த்தியாகும். அதனால் வெம்மை தணிவதில்லை. உள்ளே சென்று கனல்கின்றது.

எனவே இத்துறையில் எழுதுவோர்க்கு மூன்று கடமைகள் உரியன. செய்தவனை எழுவாயாக நிறுத்துதல் ஒன்று. கண்டு நிற்கும் அவையை விளித்துப் பேசுதல் மற்றொன்று. துயருற்றவளுக்குக் கண்ணீர்ப் படத்துக்கு மாறாக வாயிலின் வழியைத் தருதல் மூன்றாவது. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. எளிய, பிழையற்ற, மானங்காக்கும் வாசகம் ஒன்றை யாப்பது ஒரு வெண்பாவை யாப்பதினும் எளிதன்று. பயனோ அதனினும் குறைந்ததன்று.

வைகாசி தோறும் கீழைக்கரை ஊர்கள் ஒரு பெண்ணின் வழக்கைப் பாடுகின்றன. மக்கள் கூடியிருந்து கேட்கின்றனர். தெய்வமாகிவிட்டவளின் வழக்கைக் கேட்கத் தெரிந்த ஊருக்கு, அடுத்த வீட்டில் வாழ்பவளின் வழக்கைக் கேட்கவும் தெரிதல் வேண்டும்.