குலமரபும் குடியுரிமையும்: மாத்தளைப் பாதையில் இருவகை வேர்தேடல்

தம் முன்னோர் யாவர், எங்கிருந்து வந்தனர் என அறிய முனைவது மனித இயல்பெனப் பொதுவாகக் கூறப்படும். எனினும், அம்முயற்சியில் யார் வெற்றி பெறுகின்றனர், யார் பாதிவழியில் தடுத்து நிறுத்தப்படுகின்றனர் என்பது இயல்பினால் தீர்மானிக்கப்படுவதன்று. வரலாற்றினாலும் வர்க்க உறவுகளினாலும் தீர்மானிக்கப்படுவது. கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வாழும் ஸ்கொத்லாந்து வழிவந்தோர் தம் குலமரபைத் தேடித் தூரத்து உறவினரோடு தொடர்புகொள்ளும் முயற்சி கடந்த சில தசாப்தங்களில் பெரிதும் வளர்ந்துள்ளது. இத்தேடலின் ஒரு கிளை இலங்கையின் மலைநாட்டையும் தொடுகின்றது. கோப்பித் துரைமாராகவும் தேயிலைத் துரைமாராகவும் இங்கு வந்து மடிந்தோரின் கல்லறைகளே அதற்குக் காரணம். அதே மலைகளில் அதே காலத்தில் மடிந்த தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோருக்கும் தேடல் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்கினாலன்றி மலையக இலக்கியம் மேற்கொண்ட பணியின் தன்மையை மதிப்பிட இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஸ்கொத்லாந்தர் பக்கத்தை நோக்குவோம். 1855ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டில் பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றைப் பதிவது கட்டாயமாயிற்று. இறந்தவரின் தாய் தந்தையர் பெயர்களும் அப்பதிவில் இடம்பெற்றன. அதற்கு முந்திய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள் உதவுகின்றன. இலங்கைக்கு வந்தபின் என்ன ஆனார் என்பதற்கு, ஸ்கொத்லாந்தரான ஏ. எம். பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த விபரத்திரட்டு உண்டு. தோட்டம், உரிமையாளர், நிருவாகி, பரப்பளவு என்பன அதில் நிரலாக அமைந்துள்ளன. 1913இல் ஜே. பென்றி லூயிஸ் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார். கிங்கார்டின்சயரில் 1835இல் பிறந்து, 1852இல் இலங்கை வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்துத் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. 1892இல் அவர் இறந்தபோது தோட்டத் தொழிலாளரே அவர் உடலைக் கண்டிவரை சுமந்து சென்றனர். மகியாவைக் கல்லறையில் அவர் பெயர் உண்டு. சுமந்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. ஆவணங்களின் இம்மிகுதி தற்செயலானதன்று. சொத்துரிமையும் அரசதிகாரமும் எங்குள்ளனவோ அங்கு நினைவும் எழுத்து வடிவம் பெறுகின்றது.

இங்கு 'குலம்' என்னும் கருத்தையே சற்று ஆராய்தல் தகும். கேலிக் மொழியில் அதற்குரிய சொல் 'மக்கள்', 'பிள்ளைகள்' எனப் பொருள்படும். 1746இல் கலோடன் போரில் மலைக்குலத்தார் தோற்கடிக்கப்பட்டனர். அவர்தம் உடையும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பின்னர், 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில் அதே கட்டம்போட்ட துணி தேசிய அணிகலனாக மேடையேறிற்று. குலத்துக்கொரு துணி என இன்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இப்படிப் பிற்காலத்தில் புனைந்தெடுக்கப்பட்ட மரபே என ஹியூ ட்ரெவர் றோப்பர் 1983இல் வாதிட்டார். இதனினும் கூர்மையான முரண் ஒன்றுண்டு. துணி மேடையேறிய அக்காலத்திலேயே, செம்மறியாடு வளர்ப்பு இலாபந்தரக் கண்ட மலைநாட்டுக் குலத்தலைவர் பலர், தம் 'பிள்ளைகளான' குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்றினர். இரத்த உறவு என்னும் மொழி வர்க்க நலனுக்கு முன் நிற்கவில்லை. அன்றியும், இலங்கைக்கு வந்த துரைமாரிற் கணிசமானோர் குலங்களின் மலைப்பகுதியினரல்லர். அபர்டீன், கிங்கார்டின் முதலிய வடகிழக்குப் பகுதிகளைச் சேர்ந்தோர். ஆகவே, குலப்பெருமை பேசும் குடும்ப வரலாறுகளைத் திறனாய்வாளன் ஆவணமாக மட்டுமன்றிப் புனைவாகவும் வாசித்தல் வேண்டும்.

இனி மற்றைப் பக்கம். மலையக மக்களின் வருகைக்கு 1823ஐத் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தனர். கண்டிச் சீமை அவர்களுக்கு முதலிற் கண்ணிற்பட்டது மாத்தளையிலேதான். வாந்திபேதியும் பசியும் வழிநெடுகப் பலிகொண்டன. 1840களில் மாண்டோர் தொகை 70,000 வரை இருக்கலாமெனக் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையே 1849இல் எழுதிற்று. இது துரைமார் வாசித்த பத்திரிகை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மாண்டோர்க்குக் கல்லறையில்லை, எனவே லூயிஸின் தொகுப்பில் அவர்களுக்கு இடமுமில்லை.

உயிரோடிருந்தோரும் பெயராகவன்றி எண்ணாகவே பதியப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செல்லவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு தொழிலாளரின் கழுத்தில் தொங்கிற்று. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' 1921வரை அவர்களை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிற்று. செக்ரோலில் ராமசாமியும் மீனாட்சியும் எண்ணற்றோர். தந்தை பெயரின் முதலெழுத்தன்றி வழிமுறைப் பெயர் கிடையாது. இரண்டு தலைமுறை பின்னோக்கிச் சென்றால் தடம் அழிந்துவிடுகின்றது.

இந்த அழிவு வெறும் வருத்தத்துக்குரிய செய்தியாக மட்டும் நின்றிருப்பின் நமது வாதம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் குலமரபையே குடியுரிமைக்கான பரீட்சையாக்கிற்று. இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை இங்கு பிறந்தவரென்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவரென்றோ நிறுவவேண்டியதாயிற்று. பாட்டன் பிறப்பைப் பதிவுசெய்யாத அதே ஆட்சியமைப்பின் வாரிசுகள், பேரனிடம் அப்பதிவைக் கேட்டன. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களை இரு நாடுகளும் பங்கிடும் தொகையாக்கிற்று. தாயகம் திரும்புவோரை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' எனப் பெயரிட்டனர். உடன்பிறந்தோர் ஒருவர் மாத்தளையிலும் மற்றவர் கோத்தகிரியிலும் கூடலூரிலுமாகப் பிரிந்தனர். 'தூரத்து உறவினர்' என்னும் சொல் இங்கு கொள்ளும் பொருள் வேறு: அட்லாந்திக் கடந்த ஐந்தாந் தலைமுறையாரல்லர் இவர்கள், பாக்கு நீரிணைக்கு அப்பால் கடிதமும் எட்டாதுபோன அக்காளும் தம்பியுமாவர். நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே பெருமளவில் தீர்வு கண்டது.

இப்பின்னணியில் மலையக இலக்கியம் ஒரு பதிவேட்டின் பணியையும் மேற்கொண்டது எனலாம். சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கில நெடுங்கவிதை, சக்தி அ. பாலையாவின் தமிழாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' எனப் பரவலாக அறியப்பட்டது. தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்டு நினைவுச் சின்னமுமின்றிக் கிடக்கும் முன்னோரே அதன் மையப்பொருள். கல்வெட்டுத் தொகுப்பு விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கவிதை நிரப்ப முயன்றது. மாத்தளை எழுத்தாளரான மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரும் இணைந்து 1980இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிக்குத் 'தோட்டக்காட்டினிலே' எனப் பெயரிட்டமையும் கவனத்துக்குரியது. 'தோட்டக்காட்டான்' என்பது பிறர் இழித்துரைத்த சொல்; அதனை நூற்பெயரில் ஏற்றமை, தம் வேர் இந்த மண்ணிலேயே உள்ளது என்னும் உரிமைக் கூற்றாக அமைகின்றது. தஞ்சையையோ மதுரையையோ நோக்கிய ஏக்கமன்று அது.

ஆயினும் முற்போக்குத் திறனாய்வு இவ்விடத்துத் தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. ஊர்ப்பெயர், குலதெய்வம், கங்காணியின் பெயர் ஆகிய மூன்றுமே மலையகத்தார் வேரைத் தேடுவதற்குரிய வாய்மொழிச் சான்றுகள். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் அந்நினைவைப் பேணின. ஆனால் குலதெய்வத்தைப் பின்தொடர்ந்து செல்வோன் ஈற்றிற் சாதியின் வாயிலிலே போய் நிற்கின்றான். புலம்பெயர்ந்தோரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் விட்டுவந்ததும் அவ்வொடுக்குமுறையையே. எனவே, ஸ்கொத்லாந்தரின் குலப்பெருமையைப் பார்த்து நாமும் குலம் தேடுவோமாயின், பாட்டன் கடல்கடந்து உதற முயன்றதைப் பேரன் மீண்டும் தலையிற் சுமப்பதாகும். நாம் தேட வேண்டியது உழைப்பின் வரலாற்றை. தூய இரத்தத்தை அன்று.

'தூய இரத்தம்' பற்றிய கதை இரு பக்கமும் பொய் என்பதற்கு மலைகளே சாட்சி. துரைமாருக்கும் தோட்டப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பலர் தந்தையின் குடும்ப மரத்திலும் இல்லை, தாயின் குலத்திலும் இல்லை. நுவரெலியாவில் 1920களில் பெயின்ரர் இல்லம் இத்தகையோருக்காகவே தோன்றிற்று. இந்தியாவில் காலிம்பொங்கில் ஸ்கொத்லாந்து மதகுருவான கிரகாம் 1900இல் நிறுவிய இல்லத்திலிருந்து 1908க்கும் 1938க்குமிடையில் 130 பிள்ளைகள் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்துப் பாட்டியரைத் தேடத் தொடங்கியதும் உலகறிந்தது. மரபணுச் சோதனை பரவியுள்ள இன்று, குலப்பெருமை நாடிச் சென்றவர் லயத்திற் பிறந்த உறவினரைக் கண்டடைவதும் கூடும். தந்தைவழியை மட்டும் கணக்கிட்ட குலமரபும், தந்தைவழியை மட்டும் கேட்ட 1948ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பெண்களை ஒருங்கே மறந்தன. நமது சிறுகதையும் நாவலும் இவர்களைப் பெரும்பாலும் துரையின் கொடுமைக்கோர் எடுத்துக்காட்டாக மட்டுமே காட்டின. தம் பிள்ளைக்குப் பெயரிட்டு வளர்த்த தாயராகக் காட்டியது குறைவு. இக்குறை சுட்டிக்காட்டப்படல் வேண்டும்.

2023ஆம் ஆண்டு யூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபவனி, இருநூறு ஆண்டு நினைவைக் கால்களால் எழுதிற்று. அதனை ஏடுகளில் எழுதும் கடமை பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களைச் சாரும். தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள செக்ரோல்கள் செல்லரித்துப் போகுமுன் அவற்றைப் படியெடுத்தல், முதியோர் வாய்மொழியைத் தாய்வழியாகவும் பதிவுசெய்தல், துரைமார் கடிதங்களைத் தொழிலாளர் கோணத்திலிருந்து மறுவாசிப்புச் செய்தல் ஆகியன உடனடிப் பணிகள். ஸ்கொத்லாந்திலிருந்து கல்லறை தேடி வருவோரையும் நாம் இப்பணியில் இணைத்துக் கொள்ளலாம். அவர்தம் பெட்டியிற் கிடக்கும் பழைய கணக்கேட்டில் நம் பாட்டியின் பெயர் இருக்கக்கூடும்.